ஒரு பேட்டரி கேட்ட மனு

பொன்னுத்துரை கேட்டது ஒரு பேட்டரி. பன்னிரண்டு வோல்ட், ஆட்டோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியது. ஊட்டியில் மனு வாங்கும் நாளில் வரிசையில் நின்று, நீல மையில் எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்தார். "எங்கள் லைனில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. கரண்ட் போனால் மட்டும் நின்றுவிடுகிறது. ஆகவே ஒரு பேட்டரி தந்து உதவ வேண்டும்" என்று அதில் இருந்தது.

இரண்டாவது வாக்கியத்தையும் மூன்றாவது வாக்கியத்தையும் யாரும் படிக்கவில்லை. முதல் வாக்கியம் மட்டும் பல மேசைகளில் படிக்கப்பட்டது. பதிவேட்டின்படி அந்த லைனில் இன்டர்நெட் வர வழியே இல்லை. வழியில்லாத இடத்தில் வருகிறது என்றால் பதிவேடு தவறாக இருக்க வேண்டும், அல்லது இன்டர்நெட் தவறாக இருக்க வேண்டும். பதிவேடு தவறியதற்கு முன்னுதாரணம் இல்லை.

அது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லத் தகுந்த விஷயம். கீழ் கோத்தகிரிக்குக் கீழே, பள்ளத்தாக்கின் மறுசரிவில், எஸ்டேட் தொழிலாளர்களின் முப்பத்திரண்டு வரிசை வீடுகள் இருக்கின்றன. அதுதான் லைன். செல்போன் கோபுரம் எதற்கும் அந்தச் சரிவு தெரியாது. நடுவே மலை முதுகு. ஆனால் எதிர்ச்சரிவில் இருக்கும் கடைவீதி தெரியும். அங்கே ஜெர்சனின் ஜெராக்ஸ் கடை வரைக்கும் கம்பி வழி இணைப்பு வந்திருக்கிறது. ஆகாய வழியில் மூன்றரை கிலோமீட்டர்.

ரேடியோ அலை என்பது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். கடையில் இருக்கும் வைஃபை பெட்டி குண்டு பல்பு மாதிரி. எல்லாப் பக்கமும் சிந்துகிறது, நாலு சுவர் தாண்டினால் மங்கிப்போகிறது. அதே பல்புக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தைப் பிடித்தால் டார்ச் லைட் ஆகிவிடும். டீ ஃபாக்டரியில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருக்கும் பொன்னுத்துரை, டிவிக்கு மாட்டிப் பழசான இரண்டு டிஷ்களை எடுத்தார். ஒன்றை ஜெர்சனின் கடைக்கூரையிலும் மற்றொன்றை லைனுக்குப் பக்கத்தில் இருக்கும் சில்வர் ஓக் மரத்திலும் கட்டினார். கிண்ணத்தின் நடுவில் வைஃபை பெட்டியை வைத்து, இரண்டையும் ஒன்றையொன்று பார்க்கத் திருப்பினார். அவ்வளவுதான். மூடுபனி அதை ஒன்றும் செய்யாது. பனித்துளி இந்த அலைக்கு மிகச் சிறியது. ஈர இலைதான் அலையைக் குடிக்கும். ஆகவே மாதம் ஒருமுறை மரமேறிக் கிளை கழித்துவந்தார்.

இத்தனையும் செய்தது அவருடைய மனைவி வீரம்மாவுக்காக. வீரம்மா ஒன்பது வயதில் அப்பாவோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். அக்கா மாரியாயிக்கு அப்போதே கல்யாணம் ஆகியிருந்ததால் மஸ்கெலியாவிலேயே தங்கிவிட்டாள். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது போனில்தான். மூன்று வருடத்துக்கு முன் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு ஈரத்தில் வழுக்கி விழுந்து வீரம்மாவுக்கு இடுப்பு முறிந்தது. கட்டிலை விட்டு எழ முடியாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்காவின் முகம் வரும். அக்காவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிற வியாதி. காலையில் மட்டும் கொஞ்சம் பேச்சு வரும். இருவரும் பெரும்பாலும் பேசுவதுமில்லை. ஒருத்தி வெற்றிலை மடிப்பாள், மற்றவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி, குழு.

மலைப்பகுதிக் கம்பியில்லா அகலக்கற்றை ஒப்பாய்வுக் குழு, அந்த மனுவின் முதல் வாக்கியத்திலிருந்து பிறந்தது. வளரும் நாடொன்றின் மலைகளுக்கு எந்தக் கம்பியில்லாத் தொழில்நுட்பம் ஏற்றது என்று ஒப்பிட்டுச் சொல்வது அதன் பணி. மூன்று போட்டியாளர்கள்: கோபுரம், செயற்கைக்கோள், நெடுந்தூர வைஃபை. கோபுரம் என்பது குன்றின் மேல் வைத்த பெரிய விளக்கு. செயற்கைக்கோள் என்பது வானத்தில் வைத்த விளக்கு. நெடுந்தூர வைஃபை என்பது டார்ச். எந்த இடத்துக்கு எது என்பதை அந்தந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். குழு பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு முன் குன்னூரில் ஒரு ஓட்டலில் நான்கு முறை கூடியது. ஒப்பீட்டு அட்டவணையில் எத்தனை கட்டங்கள் இருக்க வேண்டும் என்பது பற்றி மூன்று கூட்டங்கள் நடந்தன. அறுபத்து நான்கு என்று முடிவானது. நான்காவது கூட்டம் ஓட்டலின் வைஃபை சரியாக எடுக்காததால் பாதியில் கலைந்தது.

மாசி மாதம் மூன்று ஜீப்புகளில் பதினொரு பேர் லைனுக்கு வந்தார்கள். தலைவர் வசந்தகுமார், கழுத்தில் மப்ளர் சுற்றிய, நிதானமான மனிதர். தொழில்நுட்ப அலுவலர் சரிதா, கையில் அலை அளக்கும் கருவி. பொன்னுத்துரைக்குப் பெருமை தாங்கவில்லை. பேட்டரி தரும் முன் நேரில் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். மரத்தைக் காட்டினார், டிஷ்ஷைக் காட்டினார். பிறகு தலைவரை வீட்டுக்குள் அழைத்துப்போய், வீரம்மாவின் கட்டிலருகில் நிறுத்தி, மஸ்கெலியாவுக்கு வீடியோ கால் போட்டார். மாரியாயியின் முகம் தெளிவாக வந்தது. பின்னால் மப்ளரோடு ஒரு ஆள் நிற்பதைப் பார்த்து அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்தாள்.

"தொரைங்களா? நல்லா இருங்கய்யா. ஒங்க புண்ணியத்துல எந் தங்கச்சி மொகத்தப் பாக்குறேன்."

தலைவர் கைகூப்பினார். வெளியே வந்ததும் பொன்னுத்துரையிடம் கேட்டார், எவ்வளவு நாளாக இப்படி வருகிறது என்று. இரண்டு வருடமாக என்றார் இவர்.

"தடையில்லாமலா?"

"கரண்ட் இருந்தா தடையே இல்லீங்க."

தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார். பிறகு அங்கேயே, மரத்தடியில், குழுவினருக்கும் லைன்காரர்களுக்கும் சேர்த்து விளக்கினார். அவர் பேச்சு தெளிவாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மருந்தைச் சோதிக்க நோயாளி தேவை. நன்றாக இருப்பவருக்கு மூன்று மருந்தையும் கொடுத்தால், குணப்படுத்தியது எது என்று எப்படித் தெரியும்? ஒப்பாய்வு என்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த லைன் பூஜ்யத்தில் இல்லை. முதலில் நாம் இதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கிராமத்துக்கு இணைப்புக் கொடுப்பது பெரிய விஷயமில்லை, இவரே கொடுத்திருக்கிறார். எதைக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுக்கத்தான் நிபுணர்கள் வேண்டும்."

கைதட்டல் எழுந்தது. ஒரு ஊழியர் மரமேறி டிஷ்ஷைக் கழற்றினார். அது வெள்ளைத் துணிப்பையில் போடப்பட்டு, அரக்கு முத்திரை வைக்கப்பட்டு, ஜீப்பில் ஏறியது. பொன்னுத்துரைக்கு ரசீது கொடுத்தார்கள். 'வளைந்த உலோகத் தட்டு, ஒன்று, பறவை எச்சத்துடன்' என்று அதில் இருந்தது. மரம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஒப்பாய்வு முடியும்வரை அதில் எதுவும் கட்டக் கூடாது என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஏணியையும் ஸ்டோருக்கு எடுத்துப்போனார்கள்.

அடுத்த நாள் பொன்னுத்துரை கடைவீதிக்குப் போனபோது, ஜெர்சன் முழுக்கதையையும் கேட்டு முடித்துவிட்டு மெஷினை நிறுத்தினான்.

"ஏனுங்ண்ணா, மனு எழுதறதுக்கு முன்னால என்ற கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க? பழைய இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு அந்த மூலைல சும்மாதான் கெடக்குது."

பொன்னுத்துரை அந்த மூலையைப் பார்த்தார். அதன்மேல் பழைய காலண்டர்கள் அடுக்கியிருந்தன.

பிறகு அவர் கரடிப் பாறைக்கு ஏறத் தொடங்கினார். லைனுக்கு மேலே, ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் இருக்கும் மொட்டைப் பாறை அது. அதன் உச்சியில் மட்டும் தூரத்துக் கோபுரத்தின் சிக்னல் ஒரு கோடு, சில நாள் இரண்டு கோடு கிடைக்கும். சனிக்கிழமை மாலை வீரம்மா கட்டிலில் இருந்தபடியே பேசுவதை போனில் படமெடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஜெர்சனின் கடை திறக்காததால், பாறைக்கு ஏறி அதை அனுப்புவார். மாரியாயியின் மகன் சுரேந்திரன், மஸ்கெலியாவில் ஆட்டோ ஓட்டுகிறவன், அம்மா பேசுவதை எடுத்து அனுப்பியிருப்பான். அதை இறக்கிக்கொண்டு வருவார். ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு வாரம். அக்கா "சாப்பிட்டியா" என்று கேட்டால் அடுத்த ஞாயிறு "சாப்பிட்டேன்" என்று போகும். வெற்றிலை மடிப்பதை வீடியோவில் எடுத்து அனுப்ப இருவருக்கும் தோன்றவில்லை.

குழு இதற்கிடையே சும்மா இருக்கவில்லை. லைனின் முகப்பில் ஒரு பலகை நடப்பட்டது. 'இப்பகுதியில் இணைய வசதி இல்லையெனில், கீழே உள்ள கட்டத்தை போனில் ஸ்கேன் செய்து இணையத்தில் புகார் பதியவும்.' மூன்று மாதத்தில் ஒரு புகாரும் பதிவாகவில்லை. மக்கள் குழுவின் மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இது சான்று என்று ஐந்தாவது கூட்டத்தில் குறிப்பெழுதினார்கள்.

முதல் போட்டியாளர் கோபுரம். லாரியில் வைத்து இழுத்து வரும் மடக்குக் கோபுரம் ஒன்று உண்டு; வெள்ளம் வந்த ஊர்களில் நிறுத்துவார்கள், மிகப் பயனுள்ள சாதனம். அந்த லாரி கோத்தகிரி தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு காட்டெருமைகள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போயின. ஒரு பகல் முழுக்கப் போக்குவரத்து நின்ற பிறகு லாரி ஊட்டிக்குத் திரும்பியது.

கோபுரம் லைனுக்கு வர முடியாததால், லைனைக் கோபுரத்துக்குக் கொண்டுபோவதென்று முடிவானது. இருபது பேரை பஸ்ஸில் ஏற்றி ஊட்டி மைதானத்துக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஏற்கெனவே எல்லார் போனும் எடுக்கும் என்பதால், முடிவு கெடாமலிருக்க நுழைவாயிலிலேயே போன்களை வாங்கி ஒரு கூடையில் போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு குழுப் போன் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு எண்தான் பதிந்திருந்தது. அழைத்தால், "உங்கள் அழைப்பு ஒப்பாய்வுக்கு முக்கியமானது" என்று ஒரு குரல் சொல்லியது. இருபதில் ஒருவராக வந்திருந்த பொன்னுத்துரை கூடையருகில் நின்று, தன் போனை எடுத்து மஸ்கெலியாவுக்கு ஒரே ஒரு கால் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கூடைக்குப் பொறுப்பான அலுவலர் சாப்பிடப் போயிருந்தார்.

கோபுரத்துக்கு அறுபத்து நான்கு கட்டங்களிலும் முழு மதிப்பெண் கிடைத்தது. 'சரிவுக் கழிவு' என்று அதில் எட்டைக் குறைத்துக்கொண்டார்கள்.

புரட்டாசியில் சுரேந்திரன் அனுப்பிய வீடியோவில் மாரியாயி உட்கார்ந்திருக்கவில்லை, படுத்திருந்தாள். பேச்சு கால்வாசிதான் வந்தது. "தங்கச்சி நேர்ல... லைன்ல... எப்ப வருவா" என்று கேட்டாள். வீரம்மா அதை நான்கு முறை போடச் சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தத் தட்ட எப்பத் தருவாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்டார். ஊட்டிக்குப் போய், வெளியே பெஞ்சில் ஒரு பகல் காத்திருந்து, உள்ளே போய்க் கேட்டார். தலைவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பொறுமையாகவே பேசினார். மனைவியின் அக்கா சாகக் கிடக்கிறாள், அரை மணி நேரம் டிஷ்ஷை மாட்டிக்கொண்டு கழற்றித் தந்துவிடுகிறேன் என்றார் பொன்னுத்துரை. அந்த அம்மாளைத் தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றார் தலைவர். தன்னை ஆசீர்வதித்தவர் என்றார்.

"உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் இடையில் ஒரு நாள் நீங்கள் மகிழ்ச்சியாக இருந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் அளவீடுகளை எதோடு ஒப்பிடுவது? ஏழு மாதப் பூஜ்யம் வீணாகிவிடும். அடுத்தது செயற்கைக்கோள்தான். பதினான்கு நாள் சோதனை. அது முடிந்ததும் உங்கள் தட்டைத் திருப்பித் தர நானே பரிந்துரைக்கிறேன். நீங்களே உள்ளூர்ப் பொறுப்பாளராக இருங்கள்."

ஒரு தாளை நீட்டினார். பொன்னுத்துரை படித்துப் பார்த்தார். சோதனை முடியும்வரை பொறுப்பாளர் லைனை விட்டு வெளியே போகக் கூடாது. அவருடைய போன் 'சோதனைக் கருவி எண் 1' ஆகக் கருதப்படும். முத்திரையிடப்பட்டு அங்கேயே இருக்கும். மீறினால் லைன் பட்டியலிலிருந்து நீக்கப்படும், கைப்பற்றிய பொருள் திரும்பத் தரப்படாது. முப்பது வருடம் ஃபாக்டரியில் ஃப்யூஸைப் பிடுங்கும் முன் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கும் என்பது அவருடைய அனுபவம். போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வீரம்மா விரல் விட்டு எண்ணினாள். இரண்டு ஞாயிறு.

"அக்கா இருந்துக்குவா," என்றாள். "பத்து நாள்ல பொறக்கும்னு சொல்லி பதினாலாவது நாள் பொறந்தவ நான், அவதான் அம்மா கூடவே உக்காந்திருந்தாளாம். காத்திருக்கத் தெரிஞ்சவ."

செயற்கைக்கோள் சாதனத்துக்குத் திறந்த வானம் போதும். லைனின் பிள்ளைக் காம்பரா வாசலே போதும். தேயிலை பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது, மரமில்லாத இடம். ஆனால் அட்டவணையில் 'மிக உயர்ந்த புள்ளி' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆகவே சாதனத்தைக் கரடிப் பாறை உச்சியில் வைத்து, சுற்றி முள்வேலி போட்டு, 'அனுமதியின்றி நுழையக் கூடாது' என்று எழுதி, ஒரு காவலரையும் உட்காரவைத்தார்கள். சிக்னல் இருந்த ஒரே இடம் வேலிக்குள் போனது.

பாறையிலிருந்து லைனுக்கு இணைப்பு எப்படி வரும் என்று பொன்னுத்துரை கேட்டார். ஒரு கேபிள் இழுத்தால் வந்துவிடும் என்றார் சரிதா. பிறகு தாளைப் பார்த்துவிட்டு, இது கம்பியில்லாக் குழு என்பதால் கேபிளுக்கு விதியில் இடமில்லை என்றார். அவருக்கே அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது போலத் தெரிந்தது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கீழே ஒரு டிஷ், மேலே ஒரு டிஷ் வைத்தால் கேபிளே வேண்டாமே என்றார் பொன்னுத்துரை. அது மூன்றாவது தொழில்நுட்பம், இரண்டாவதில் கலக்கக் கூடாது என்றார் சரிதா.

ஆகவே பதினான்கு நாட்கள், நாட்டின் மிக நவீனமான இணைப்பு ஒரு பாறையின் உச்சியில் முழு வேகத்தில் இருந்தது. அதைக் காவலர் பயன்படுத்தினார். கிரிக்கெட் நன்றாகத் தெரிந்தது என்று அவர் பின்னர் சாட்சியம் கொடுத்தார். கீழே, பிள்ளைக் காம்பராவின் அலமாரியில், சோதனைக் கருவி எண் 1 துணிப்பையில் இருந்தது. பொன்னுத்துரை தினமும் காலையில் முத்திரையைச் சரிபார்த்து, பதிவேட்டில் 'முத்திரை நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பதினான்காம் நாள் நிறைவு விழா. ஐப்பசி மழை விட்டிருந்தது. பாறையிலிருந்து சாதனத்தை இறக்கி, பிள்ளைக் காம்பரா வாசலில் பந்தல் போட்டு அங்கே வைத்தார்கள், புகைப்படத்துக்கு. அப்போதுதான் லைனுக்கு இணைப்பு வந்தது. நேரம் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. நான்கு பேர் வீரம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் வைத்தார்கள். அவள் அக்கா கொடுத்தனுப்பிய பழைய மூக்குத்தியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தலைவர் பேசினார். இந்த ஒப்பாய்வு உலகத்துக்கே முன்மாதிரி என்றார். எட்டு மாதம் ஒரு லைனைத் தூய பூஜ்யத்தில் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும் என்றார். தொடர்ந்து ஐந்து பேர் பேசினார்கள். பன்னிரண்டேகால் ஆனது. பிறகு பயனாளி ஒருவர் முதல் வீடியோ அழைப்பைச் செய்வார் என்று அறிவித்து, வீரம்மாவின் கையில் குழுவின் டேப்லட்டைக் கொடுத்தார்கள். யாரோடு பேச விருப்பம் என்று சரிதா கேட்டார்.

"மஸ்கெலியாவுலீங்க. எங்க அக்காகிட்ட."

சரிதா தலைவரைப் பார்த்தார். தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். தாழ்ந்த குரலில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். மஸ்கெலியா வெளிநாடு. சோதனை அனுமதி உள்நாட்டு அழைப்புக்கு மட்டும். வெளிநாட்டு அழைப்புக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், மூன்று மாதம் ஆகும். ஆனால் விழா நிற்கக் கூடாது. ஆகவே வீரம்மா தலைவரையே அழைப்பார் என்று தீர்மானித்தார்கள். தலைவர் பதினைந்தடி தள்ளி மேடையில் இருந்தார். தன் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வணக்கம் அம்மா. நான் தெரிகிறேனா?"

வீரம்மா தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தாள், பிறகு டேப்லட்டைப் பார்த்தாள்.

"தெரியுறீங்க. நேர்ல மொதல்ல சொல்றீங்க, இதுல பொறவு சொல்றீங்க."

அவள் கவனித்தது சரி. அந்தவகைச் செயற்கைக்கோள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைவரின் வணக்கம் மேலே போய், தரை நிலையத்துக்கு இறங்கி, மறுபடி மேலே போய், மறுபடி இறங்கி, ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, பதினைந்தடி தூரத்தில் இருந்த வீரம்மாவை வந்தடைந்தது. வெளிச்சத்தின் வேகத்தில் போனாலும் அதற்கு அரை நொடி பிடிக்கும். இத்தனை தூரம் ஓடியும் ஒரு எழுத்து சிதையாமல் வந்து சேர்வது உண்மையிலேயே வியப்பான பொறியியல். எல்லாரும் கைதட்டினார்கள்.

கடைசி நிகழ்ச்சி, வேகச் சோதனை. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. சோதனைக் கருவி எண் 1 கொண்டுவரப்பட்டது. தலைவர் முத்திரையை வெட்டினார். முத்திரை நன்றாக இருந்ததாக அறிவித்து, பொறுப்பாளரைப் பாராட்டி ஒரு சால்வை போர்த்தினார். சால்வையோடு நின்ற பொன்னுத்துரை போனை இயக்கி இணைப்பில் சேர்த்தார்.

நமக்கு வரும் செய்தி, நம் போன் கிடைக்காவிட்டால் அழிந்துபோவதில்லை. தூரத்தில் ஒரு கணினி அதை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். போன் எட்டிய மறுகணம் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்படைத்துவிடும். மனிதர்கள் செய்ததில் நாணயமான ஏற்பாடு அது.

போன் ஒலித்தது. நிற்காமல் ஒலித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மணி விழுந்து ஒரே சத்தமாக ஆனது. சரிதாவின் கருவியில் கோடு செங்குத்தாக ஏறியது.

"சார், முப்பத்தேழு செய்தி, நாலு நொடியில். இதுவரைக்கும் கிடைத்ததில் இதுதான் உச்சம்."

பந்தல் முழுக்கக் கைதட்டியது. புகைப்படக்காரர் பொன்னுத்துரையின் போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். அவர் உயர்த்தவில்லை. படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சுரேந்திரன் அனுப்பியவை. சித்தப்பா, அம்மாவுக்கு மோசம், சின்னம்மாவ லைன்ல எடுங்க. சித்தப்பா, ஏன் எடுக்கல. சின்னம்மாவக் கேட்டுக்கிட்டே இருக்குறாங்க. போன கையில பிடிச்சிக்கிட்டு இருக்குறாங்க, வாங்கினா தரமாட்டேங்குறாங்க. அதற்குப் பின் பதினெட்டு தவறிய அழைப்புகள். அதற்குப் பின், காலையில அஞ்சு மணிக்கு. அதற்குப் பின், நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறோம், லைவ்ல போடுறோம், சின்னம்மாவுக்குக் காட்டுங்க. கடைசியாக முந்தாநாள் வந்தது. எட்டாம் நாள் காரியம் முடிஞ்சது சித்தப்பா. நீங்க நல்லா இருக்கீங்களா.

சரிதா கருத்துப் படிவத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். கைதட்டல் ஓயவில்லை என்பதால் சத்தமாகவே படித்தார்.

"தகவல் உங்களை எப்படி வந்தடைந்தது? மிக விரைவாக, விரைவாக, ஓரளவு விரைவாக. இதில் ஒன்று சொல்லுங்க."

பொன்னுத்துரை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். சரிதா படித்தார். படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். இறுதி அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த இடம் 'மிக விரைவாக' என்று நிரப்பப்பட்டிருக்கிறது. யார் நிரப்பினார்கள் என்று குறிப்பில்லை. அதே பக்கத்தில் லைன் 'சேவை பெற்ற பகுதி' என்ற பட்டியலில் இருக்கிறது. மூன்றாவது தொழில்நுட்பத்துக்கு மாதிரிச் சாதனம் கிடைக்காததால் அது அடுத்த கட்ட ஒப்பாய்வுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வளைந்த உலோகத் தட்டு ஒன்று அதுவரை குழுவின் வசமே இருக்கும்.

கட்டிலிலிருந்து வீரம்மா கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

எடுத்த அன்றைக்கு சுரேந்திரன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். நான்கு நிமிடம். பெரிய கோப்பு. அது இறங்கத் தொடங்கி, ஒரு சிறு வட்டம் சுற்றியது. மணி ஒன்று ஆனது. ஊழியர்கள் சாதனத்தின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார்கள். பொன்னுத்துரை எழுந்துபோய், இன்னும் மூணு நிமிஷம் மட்டும் விடுங்க என்று கேட்டார். விஷயத்தையும் சொன்னார். தலைவர் மப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

"ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஆனால் நேரத்தை நீட்டினால் கோபுரத்துக்கு அநியாயம் செய்ததாகிவிடும்."

ஒயரைப் பிடுங்கினார்கள். ஜீப்புகள் கிளம்பின. பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு படம் முழுதாக வருவதற்கு முன்னால், அதன் மிகச் சிறிய, மங்கலான நகல் ஒன்று முதலில் வந்துவிடும். இணைப்பு மெதுவாக இருப்பவர்கள் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளட்டும் என்று யாரோ யோசித்துச் செய்தது. வீரம்மாவின் கையில் இப்போது இருந்தது அந்த நகல். நடுவில் நீளமாக ஏதோ வெள்ளை. சுற்றிலும் பழுப்பாகத் தலைகள். மேலே வரிசையாக வெள்ளை, தோரணமாக இருக்கலாம். அவள் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இதுல அக்கா எங்கங்க இருக்கா?"

பொன்னுத்துரை சால்வையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் போட்டுவிட்டு, குனிந்து, அந்த வெள்ளையின் நடுவில் விரலை வைத்தார்.